வீட்டுக்கு ஓர் ஆள்

அத்தை ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆடிக்குப் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவது வழக்கம் என்பதால் தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்களுக்கு அந்த வழக்கம் கிடையாதே என்பது ஒருசிலருக்கு உறுத்தியிருக்கலாம். ஆவணி பிறந்தது, அத்தை போகவில்லை. புரட்டாசியும் பிறந்துவிட்டது. அத்தைக்குப் பல்வலி, வைத்தியம் பார்க்கிறோம் என்று அம்மா எதிர்வீட்டில் சொன்னாள். பக்கத்து வீட்டில், அத்தை வாழ்க்கைப்பட்ட பரவையில் அவர்கள் வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள் என்று சொன்னாள். எதிர்வீட்டுக்காரியும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரே குழாயடியில் நிற்பவர்கள் என்பதை அம்மா யோசிக்கவில்லை. போதாததற்கு, அத்தை சீடை கடிக்கிற சத்தம் வாசல்வரைக்கும் கேட்கும்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அத்தை ஏன் வந்தாள் என்று நான் கேட்டதே இல்லை. இருந்தாள், நன்றாகத் தலை வாரிவிட்டாள், எனக்கு அது போதும்.

எங்கள் தெரு மதுரை வில்லாபுரத்தில், அவனியாபுரம் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் பள்ளமாக இறங்கும். முந்தைய வருட மழையில் தண்ணீர் வாசல்படி ஏறி வீட்டுக்குள் வந்து, அரிசி மூட்டையை நனைத்துவிட்டுத்தான் போனது. அதற்குப் பிறகுதான் குடியிருப்போர் சங்கம் உருவாயிற்று. முதல் வேலையாகப் பெரிய பெயர்ப்பலகை வைத்தார்கள். அதற்கடுத்த வேலை என்னவென்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. மாதம் ஒரு கூட்டம் நடக்கும். வடையும் டீயும் உண்டு. அப்பா ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததுமில்லை.

அந்தப் புரட்டாசிக் கூட்டத்துக்கு அத்தையும் வந்தாள். காலி மனையில் ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பெண்கள் பின்னால் சுவரோரம் நின்றோம். தலைவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல். மழைக்கு முன்னால் தெருக்கோடிவரை வாய்க்காலை நாமே தூர்வாரிவிட வேண்டும் என்று பேசினார்.

"சங்கத்துக்கு உதவப் பல வழி இருக்கு. மம்பட்டி பிடிக்கலாம். வண்டி குடுக்கலாம். தெருவிளக்கு எரியலைன்னா போன் பண்ணிச் சொல்லலாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கலாம். எதுவுமே முடியாதவங்க கையாவது தட்டலாம்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

வீடு வீடாகப் போய், வீட்டுக்கு ஓர் ஆள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருமாறு அழைத்து வரவேண்டும், அதற்கு யார் தயார் என்று தலைவர் கேட்டார். கை தட்டியவர்கள் எல்லாம் செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில்தான் என் தலைக்கு மேலே ஒரு கை உயர்ந்தது.

"நான் போறேன்" என்றாள் அத்தை.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "நீங்க ஊருக்கு வந்தவுகதானம்மா? இன்னும் எத்தன நாள் இருப்பீக? சங்கத்து வேலைய இங்க குடியிருக்கவுக செஞ்சாத்தான் முறையா இருக்கும்."

அப்பா டீ டம்ளருக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அத்தை கையை இறக்கவில்லை.

சங்கத்தின் செயலாளர், பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்த பாய், எழுந்து நின்றார். "தலைவரே, குடியிருக்கவுக அம்புட்டுப் பேரும் இங்கனதான் உக்காந்துருக்கோம். ஒரு கையும் மேல போகல. போன ஒத்தக் கையையும் நீங்க ஏன் இறக்கப் பாக்குறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தைக்கு வேலை கிடைத்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரு வீட்டிலும் அவள் "வேலைக்கு வாங்க" என்று கேட்கவில்லை. வாசலில் நின்று கொஞ்சநேரம் பேசுவாள். அந்த வீட்டு ஆளால் எது முடியும் என்று அதற்குள் பிடித்துவிடுவாள். திருப்பத்து வீட்டு அக்கா எடுத்த எடுப்பிலேயே கையை விரித்தாள்.

"எங்க வீட்ல அவுகளுக்கு நைட் டூட்டி. நானோ பிள்ளைக்காரி. நான் எங்கிட்டு வாரது?"

"நீங்க வர வேணாம்க்கா. மோரு கலக்குவீகல்ல?"

"மோரா? எம்புட்டு வேணும்?"

"அம்புட்டுப் பேருக்கும் வேணும்."

அந்த அக்கா அங்கேயே பானை எது பெரிதென்று பார்க்க உள்ளே போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், முழங்கால் மடங்காது என்று மருந்துப் பாட்டிலையே எடுத்துக் காட்டினார். "மடக்க வேணாம் சார். சின்னப் பிள்ளைக வாய்க்காக்குள்ள விழுந்துறாம ஒரு சேரைப் போட்டு உக்காந்து பாத்துக்கங்க" என்றாள் அத்தை. லோடு ஆட்டோ வைத்திருந்த அண்ணன், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் தூங்குவேன் என்றார். "தூங்குங்கண்ணே. அள்ளுன மண்ணு கரையில கெடக்கும், மழ பேஞ்சா திரும்ப வாய்க்காக்குள்ளதான் விழுகும். உங்க வீடு தெருவுலயே பள்ளத்துல இருக்கு, அதான் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாங்கள் படி இறங்குவதற்குள் அவர் பின்னாலேயே வந்து, "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி தவறாமல் வந்தது. "எப்பம்மா ஊருக்குக் கிளம்புறீக?" அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அத்தைக்குக் காது கேட்காது. "உங்க வீட்ல மம்பட்டி இருக்கா?" என்று திருப்பிக் கேட்பாள். தெருவின் பாதியைத் தாண்டியபோது அந்தக் கேள்வியும் நின்றுபோனது. வாசலில் நின்றவர்கள் அவர்களாகவே கூப்பிட்டார்கள். "சங்கத்தம்மா, எங்க வீட்டுக் கடப்பாரைய எடுத்துக்கங்க. காம்பு புதுசு" என்று ஒரு தாத்தா சொன்னபோது அத்தை முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கடப்பாரைக்குக் காம்பே கிடையாது என்பதால் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வாய்க்காலுக்குள் இறங்கியது. தலைவர் தொடக்க உரை ஆற்றினார். சட்டையில் சேறு படாத தூரத்தில் நின்றுதான் ஆற்றினார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மம்பட்டியோடு இறங்கினாள். தேங்காய் மட்டை, செருப்பு, தலையணை, யாரோ தேடிச் சலித்திருந்த பித்தளைச் செம்பு என்று ஒவ்வொன்றாக மேலே வந்தது. வாத்தியார் சேரில் உட்கார்ந்து பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார். மோர்ப்பானை போய்ப் போய் வந்தது.

உச்சிப்பொழுதுக்கு வேலை ஓரிடத்தில் நின்றுவிட்டது. வாய்க்காலை அடைத்து ஒரு சிமெண்டுப் பலகை. கார் ஏறுவதற்காகப் போட்டது. அதன் அடியில் குப்பை கல்லாக இறுகிக் கிடந்தது. போன வருடம் தண்ணீர் எங்கே திரும்பி எங்கள் வீடுகளுக்குள் வந்தது என்பது எல்லோருக்கும் விளங்கியது. அது யாருடைய வாசல் என்பதும் விளங்கியது. லோடு ஆட்டோ அண்ணனுக்கு உடனே டயரில் காற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. பாய் வானத்தைப் பார்த்து, "இன்ஷா அல்லா, மழ தள்ளித்தான் வரும்" என்றார்.

தலைவர் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, இத எடுக்கணும்" என்றாள் அத்தை, வாய்க்காலுக்குள் இருந்தபடியே.

"அது எங்க வீட்டு வாசலும்மா."

"உங்க வாசல்தாண்ணே. இதுல முட்டித்தான் தண்ணி எங்க வாசலுக்கு வருது."

அவர் முகம் சிவந்தது. விருட்டென்று வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். ஆனால் கைலியும் பனியனுமாகத் திரும்பி வந்தார். தாத்தாவின் கடப்பாரையைக் கையில் வாங்கி, ஒன்றும் பேசாமல் முதல் குத்தைத் தானே குத்தினார். அவர் பேசாமல் செய்த முதல் காரியம் அதுதான் என்று பாய் பின்னால் பலகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பலகை பாதி உடைந்திருந்தபோது தெருவுக்குள் ஒரு வேன் வந்து நின்றது. அத்தை வீட்டு மாமாவும் அவருடைய அண்ணனும் இறங்கினார்கள். நான் ஓடினேன். பரவை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த மாமா எப்போது வந்தாலும் ஒரு பை நிறையக் கொய்யா கொண்டுவருவார். அன்று வெறுங்கையோடு வந்திருந்தார். என்னைப் பார்க்கவுமில்லை.

"என்ன கோலம் இது?" என்றார் அத்தையிடம். "ஏறி வா. கெளம்பு."

அத்தை மம்பட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நான் வரல."

"என்னது?"

"வரலைன்னு சொன்னேன். இனி நான் இங்கதான் இருக்கப் போறேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கடப்பாரைச் சத்தம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. மோர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா செம்பைச் சாய்த்தபடி அப்படியே நின்றாள்.

மாமாவின் அண்ணன் அப்பாவிடம் திரும்பினார். "என்ன மாப்ள, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? தங்கச்சிக்குப் புத்தி சொல்லுங்க."

அப்பா கைலியை மடித்துக் கட்டினார். வாய்க்காலுக்குள் இறங்கி அத்தையின் பக்கத்தில் நின்று, சேறு நிறைந்த சட்டியின் ஒரு காதைப் பிடித்தார். "எந்தங்கச்சி சொன்னது உங்களுக்குக் கேக்கலையா மச்சான்? எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றார். "பிடி ஆத்தா, தூக்கு."

இருவரும் சட்டியைத் தூக்கிக் கரையில் கொட்டினார்கள்.

மாமா சுற்றிலும் பார்த்தார். நரைத்த தலையோடு நின்ற தலைவர் அவர் கண்ணில் பட்டார். "ஐயா, பெரியவுக நீங்க ஒரு நியாயம் சொல்லுங்க. எங்க வீட்டு ஆளக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."

தலைவர் நெற்றி வேர்வையை வழித்தார். "அவுக எங்க தெரு ஆளுங்க. வரமாட்டேன்னு சொல்லியாச்சு, அதுக்கு மேல நான் என்ன சொல்ல? மொதல்ல வேனைப் பின்னால எடுங்க. மண்ணு அள்ற வண்டி நிக்கிது பாருங்க."

லோடு ஆட்டோ அண்ணன் நீளமாக ஹார்ன் அடித்தார். எங்கள் தெருவில் வண்டி திருப்ப இடமில்லை. வேன் பின்னாலேயே போகவேண்டியிருந்தது. வாத்தியார் சேரை விட்டு எழுந்து, முழங்கால் வலியையும் மறந்து, "வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடிங்க..." என்று தெருமுனைவரைக்கும் சைகை காட்டி அனுப்பிவிட்டு வந்தார். சேலையெல்லாம் சேறாக இருந்ததால்தான் மாமா கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அத்தை குளித்துவிட்டு நின்றிருந்தால் கொய்யாவாவது கிடைத்திருக்கும்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. தண்ணீர் வாய்க்காலோடு ஓடியது, ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. பேச்சுவார்த்தை, வக்கீல், கோர்ட்டு என்று அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் வளர்ந்த பின்னால் தெரிந்துகொண்டவை. அவற்றுக்கெல்லாம் அத்தையோடு அப்பா போனார், சில சமயம் பாயும் போனார். அத்தைதான் இன்றைக்குச் சங்கத்தின் செயலாளர். தெருவிளக்கு எரியாவிட்டால் அதிகாரிகள் அவளுடைய போனுக்குப் பயப்படுகிறார்கள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் அத்தை குளித்துவிட்டு வந்தபோது அம்மா பீரோவைத் திறந்து வைத்திருந்தாள். மேல்தட்டு என்னுடையது. என் கலர் பென்சில்கள், பாவாடைகள், கை உடைந்த பொம்மை எல்லாவற்றையும் அம்மா எடுத்துக் கட்டிலில் போட்டாள். அத்தையின் சேலைகள் வந்த நாளிலிருந்து பையிலேயே இருந்திருக்கின்றன. அவற்றை உதறி மடித்து, என் தட்டில் அடுக்கத் தொடங்கினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அழுதேன். காலை உதைத்துக்கொண்டு அழுதேன்.

"இனிமே அது அத்தை தட்டு. நீ கீழ்த்தட்ட வச்சுக்க" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

அத்தை ஈரத்தலையோடு பீரோ முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். சேலை அடுக்கின்மேல் கையை வைத்தாள், எடுக்கவில்லை. என் தட்டைப் பறித்துக்கொண்ட வருத்தம்தான் அவளுக்கு என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. நான் அழுகையை நிறுத்திக்கொண்டு, பெருந்தன்மையாக, "வேணும்னா கீழ்த்தட்டையும் நீங்களே வச்சுக்கங்க அத்த" என்றேன்.

மாமா வந்தபோது அழாத அத்தை அப்போது உட்கார்ந்து அழுதாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு தட்டும்கூட அத்தைக்குப் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, என் பொம்மையை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.