மஞ்சள் மூலைக்கு ஓர் அழுத்தம்

சார்ட் அட்டை ஒழுங்காக வெட்டுப்பட்டது. பட்டர் பேப்பரும் அப்படியே. மந்தைவெளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியில் வரைந்த கோட்டில் பிளேடை ஓட்டும் என் வெட்டு மிஷின் தாளுக்கொரு குரலில் பேசியது: அட்டைக்குக் கரகரப்பு, மெல்லிய தாளுக்குப் பெருமூச்சு. தங்கை மகளின் கல்யாணப் பத்திரிகை உறைக்கான, கையால் செய்த நார்க் காகிதமான கைக்காகிதத்தில் மட்டும் பல்லைக் கடித்தது.

உறை முழுக்க மல்லிகைச் சரம். நானே வெட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவிலிருந்த பூக்கள் அழகாக வெட்டுப்பட்டு உதிர்ந்தன. மூலைக்கு வந்ததும் பிளேடு தாளை இழுத்துக் கிழித்தது.

“இன்னாக்கா இது, பூவா? எலி கடிச்ச மாதிரி கீது,” என்றாள் தங்கை. “சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா சொல்லிடு. அச்சகத்துலயே ரெடிமேட் உறை வாங்கிக்கறேன்.”

“வாங்குவ, வாங்குவ. சும்மா இருடி.”

அழுத்தத்தைக் கூட்டினேன், நடுப்பூக்களில் பிளேடு, தாளைக் கீழே பிடித்திருந்த ஒட்டுப்பாய்வரை கீறியது. குறைத்தேன், இதழ்கள் தாளைவிட்டு வர மறுத்தன. பிளேடை மாற்றினேன். தி. நகரில் சோதனைக்கென்று தனியாக வாங்கிவந்த அதே கைக்காகிதத்தை வைத்தேன். மூலை, நடு, ஓரம், எங்கும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஒரே கடை, ஒரே கட்டு. என் தாளுக்கு அடங்குகிற மிஷினுக்கு அவள் தாளோடு மட்டும் என்ன பகை?

பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நுனியில் மஞ்சள் துணுக்கு.

“ஏண்டி, இதுல மஞ்சள் தடவினியா?”

“பின்ன? கல்யாணக் காகிதம் மொட்டையாவா வீட்டுக்குள்ள வரும்? வாங்கின அன்னிக்கே நாலு மூலையிலயும் தடவிட்டேன்.”

“அச்சடிச்சு முடிச்சப்பறம்தானே தடவுவாங்க!”

“நல்லதை முன்னாடியே செஞ்சா தப்பா?”

குழைத்த மஞ்சள் காய்ந்த இடமெல்லாம் நார் உப்பிக் கிடந்தது. பிளேடு அதில்தான் சிக்கியிருக்கிறது.

“மூலைகளை நறுக்கிடறேன்,” என்றேன்.

“மங்களத்தை நறுக்குவியா? வாயக் கழுவு.”

சரி. நறுக்கமாட்டேன். ரெடிமேட் உறைக்கும் விடமாட்டேன். மஞ்சள் பூசியதுதான் இந்தக் கல்யாணத்தின் தாளென்றால், அந்தத் தாளுக்கும் மிஷினில் ஓர் அளவு இருந்தே ஆகவேண்டும். சமையலறைக்குப் போய் மஞ்சளைக் குழைத்தேன். சோதனைத் தாளின் மூலைகளில் அவள் தடவியதுபோலவே தாராளமாகத் தடவி, மின்விசிறிக்கடியில் காயவைத்தேன். கணினி வரைபடத்தில் மூலைப்பூக்களை மட்டும் தனியாகப் பிரித்தேன். அழுத்தம் பாதி, வேகம் மிகக் குறைவு, ஒரே கோட்டில் இரண்டு முறை.

முதல் தடவை பிளேடு வருடிப் போனது. மறுமுறை இறங்கியது. ஊசியால் தட்டினேன். மஞ்சள் விளிம்போடு ஒரு மல்லிகை முழுசாக மேசையில் விழுந்தது.

தங்கை அதை விரல்நுனியில் ஒட்டியெடுத்துப் பார்த்தாள். பாராட்டெல்லாம் அவளுக்கு வராது. தன் கல்யாணத் தாளொன்றைப் பாயில் வைத்து, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவிக்கொண்டே சொன்னாள்:

“ம். ஓட்டு.”