கோலமாவில் தெரிந்த விரிசல்

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் பழைய லாரிதான். என் வீட்டுக்காரர் வாங்கும்போதே அது பல கை மாறி வந்த வண்டி. செங்குன்றம் பக்கத்துக் கடைகளில் பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு வந்து, சிப்காட்டில் அதை உருக்கிக் கம்பி போடும் ஆலைகளில் இறக்குவார். மகள் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டால்தான் நான் உலை வைப்பேன்.

ஒரு கோடையில் அந்த வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. காலையில் ரேடியேட்டரை நிரப்பிக்கொண்டு கிளம்புவார். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகியிருக்காது. ஹோஸை மாற்றினார், ரேடியேட்டர் மூடியை மாற்றினார், பம்பைக் கழற்றி மாட்டினார். எதற்கும் மசியவில்லை.

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சைலென்ஸரிலிருந்து வெள்ளையாக வருவதை நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஒருநாள் சொன்னேன்: "யோவ், இது பொகை மாதிரி இல்லயே. இட்லிச் சட்டி ஆவி மாதிரி கீது. தண்ணி இந்த வழியாப் போவுதோ இன்னாவோ."

அவர் சிரித்தார். ஆனால் அன்றைக்கே வண்டியை மெக்கானிக் பாயின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார்.

பாய்க்குப் பழவேற்காடு. குடும்பம் மொத்தமும் ஜவுளி வியாபாரத்தில் இருக்க, இவர் ஒருத்தர் மட்டும் இன்ஜின் பக்கம் வந்துவிட்டார். ஷெட் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் சாப்பாடு எடுத்துப் போனபோது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டிருந்தார். இன்னும் சூடுகூட ஏறவில்லை. அதற்குள் தண்ணீரில் குமிழி குமிழியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் அதிகமானது.

"இன்ஜின் கேஸு தண்ணிக்குள்ள தள்ளுது நைனா," என்றார் பாய். "நடுவுல இருக்கிற கேஸ்கெட்டு போயிருந்தா தப்பிச்ச. ஹெட்டே வுட்டுருந்தா பேஜாரு."

ஹெட் என்பது இன்ஜினின் தலையில் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் வார்ப்பிரும்பு; இரண்டுக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் தகடு கேஸ்கெட். மறுநாள் நானும் போயிருந்தபோது ஹெட்டைக் கழற்றி இறக்கினார்கள். கேஸ்கெட் நன்றாகத்தான் இருந்தது. ஹெட்டை டீசல் விட்டுக் கழுவிப் பார்த்தும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாய் அதன்மேல் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டார். பிறகு சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளுக்காகச் சுற்றுமுற்றும் தேடினார்.

"கோலமாவு ஆவுமா பாய்?" என்றேன்.

"தாராளமா ஆவும் தங்கச்சி. எடுத்துக்கினு வா."

ஓடிப்போய் டப்பாவோடு வந்தேன். மாவை மெல்லிசாகத் தூவிவிட்டு மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு வால்வு ஓட்டைகளுக்கு நடுவில், உள்ளே ஊறியிருந்த மண்ணெண்ணெய் வெள்ளை மாவில் ஈரமாக ஒரு கோடாக எழும்பி வந்தது. தலைமுடி அளவுதான் இருக்கும்.

என் வீட்டுக்காரர் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "எடைக்குப் போட்டுடலாம் பாய்," என்றார். ஆலை வாசலில் கேஸ் வைத்து அறுத்துப் போட்ட லாரிகளைத் தினமும் பார்க்கிறவர் அவர். நானும் அந்த வண்டியைத் திட்டாத நாள் கிடையாது. இருந்தும் அவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"எடைக்கா? நீயே இட்டுக்கினு போய் உலையில தள்ளுவியா?"

பாய்தான் சொன்னார்: "அவசரப்படாத. வெல்டு வெச்சுப் பாக்கலாம். ஆறும்போது மறுபடி வுட்டுருச்சுன்னா அப்பால பேசிக்கலாம்."

விரிசல் மேற்கொண்டு ஓடாமல் இருக்க அதன் இரண்டு முனைகளிலும் சின்னதாகத் துளை போட்டார். ஹெட் முழுவதையும் கரி அடுப்பில் சூடேற்றினார்; ஒரே இடத்தில் சூடு பட்டால் வேறு இடத்தில் வெடித்துவிடுமாம். கொஞ்சம் பற்றவைப்பார், சுத்தியால் மெல்லத் தட்டுவார், மறுபடி பற்றவைப்பார். முடிந்ததும் ஒரு டிரம்மில் உமிச் சாம்பலைக் கொட்டி அதற்குள் ஹெட்டைப் புதைத்தார். "தானா ஆறணும். நாளைக்கு வரைக்கும் எவனும் தொடக்கூடாது."

என் வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் போய் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். "இது இன்னா பிரியாணி தம்மா, தொறந்து தொறந்து பாக்குறதுக்கு? ஊட்டுக்குப் போ நைனா," என்று பாய் விரட்டிவிட்டார். அன்றைக்குத்தான் வெகுநாளுக்கு அப்புறம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயில் பார்க்கப் போனார்.

மறுநாள் சாம்பலை விலக்கி எடுத்தார்கள். ஓட்டைகளை அடைத்து, ஹெட்டைத் தண்ணீரில் முக்கி உள்ளே காற்றை ஏற்றினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. தண்ணீர் அசையாமல் இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று பாய் மெல்லச் சொன்னார்.

பட்டறையில் அடிப்பக்கத்தைச் சமமாக இழைத்து வந்து, புது கேஸ்கெட்டோடு பூட்டினார்கள். "லோடு ஏத்தாம ஒரு ரவுண்டு போய்ட்டு வா. முள்ளு மேல கண்ணு இருக்கட்டும்," என்றார் பாய்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "இன்னாமே, நீயும் வர்றியா? பழவேற்காடு வரைக்கும் போலாம்."

அத்தனை வருஷத்தில் அந்த லாரியில் அவர் என்னை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. மகளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். முள்ளைப் பார்க்கும் வேலை எனக்கு. பொன்னேரி எப்போது வந்தது, எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது. முள் பாதிவரை ஏறி நின்றது.

"இன்னா சொல்லுது?"

"அங்கயே நிக்குது."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்பார். நானும் அதையே சொல்வேன். அவர் இன்ஜினை நிறுத்திய பிறகுதான் தலையைத் தூக்கினேன். எதிரே ஏரி, வெயிலில் தகதகவென்று கிடந்தது. கரையில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. வண்டி ஆறியதும் அவர் ரேடியேட்டரைத் திறந்தார். ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே இருந்தது. விரலை விட்டு நனைத்து, அந்த ஈர விரலை என்னிடம் காட்டிச் சிரித்தார். அப்புறம் இறால் வறுவல் வாங்கிக் கரையில் உட்கார்ந்து தின்றோம். பொழுது சாயும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.

லாரியை விற்கும்வரை அந்த வெல்டு விடவே இல்லை. இப்போது வேப்பம்பட்டில் இருக்கிறோம். அவர் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். மகளுக்குப் பழவேற்காடு போனது சுத்தமாக ஞாபகம் இல்லையாம். எனக்கோ, அன்றைக்கு இறால் வறுத்துக் கொடுத்த அம்மாவின் முகம்கூட அப்படியே இருக்கிறது.