மணப்பெண்ணின் மோதிர விரல்

எழுபதுகளில் ராயபுரத்தில் ஒரு சிறிய அழகு நிலையத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் காலை, அன்று மாலையே மாதா கோயிலில் கல்யாணம் என்று ஒரு பெண் வந்தாள். மோதிர விரலில் நகம் பாதியாக ஒடிந்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பிளாஸ்டிக் நகத்தைப் பசையால் ஒட்டலாம். ஆனால் மோதிரம் போடும்போதே அது விழுந்துவிடலாம். இல்லையென்றால், பல் செட் செய்யும் என் அண்ணன் கொடுத்திருந்த பவுடரை அதற்கான திரவத்தில் குழைத்து நகமாகப் பூசலாம். அது கெட்டியாக நிற்கும் என்று அதையே பூசினேன். அதுவரை யாருக்கும் பூசியதில்லை.

அது இறுகத் தொடங்கியதும், "எரியுதுக்கா" என்றாள். தொட்டால் சுட்டது; இறுக இறுக அந்தக் கலவை சூடேறியது. விரலைத் தண்ணீரில் முக்கினேன்.

"நகம் பூடுமாக்கா?"

"ஒண்ணும் ஆவாது, ஆட்டாம இரு" என்றேன். முழுதாக இறுகினால் எடுக்க முடியாது. இழுத்தால் அவள் நகமும் கூடவே வந்துவிடும். ஓரத்திலிருந்து மெல்ல உரித்தேன். நகம் சிவந்துபோய், விரலோடுதான் இருந்தது.

எரிச்சல் அடங்கியதும் பிளாஸ்டிக் நகத்தை ஒட்டி அனுப்பினேன். மனம் கேட்காமல் மாலையில் கோயிலுக்கும் போனேன். மோதிரம் ஏறும்வரை அவள் விரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நகம் விழவில்லை.

வெளியே வந்தவள், "இன்னாக்கா, பயந்துட்டியா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து, நகத்தை லேசாக அழுத்திப் பார்த்தேன்.