கொரில்லாவைச் சந்திக்கிறார்

அந்தச் செய்தியை எழுதியவன் நான். நறுக்கியவனும் நானே. ஆகவே பழி போட வேறு ஆள் இல்லை.

ஐம்பதுகளின் பின்பாதி. சிங்கப்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். வரும் செய்திகளை இருக்கும் இடத்துக்குத் தக்கபடி வெட்டுவதுதான் வேலை. உகாண்டாவில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த என் அக்காவின் கணவர், தம்மிடம் வந்து சில வாரங்கள் தங்கும்படி அழைத்துக் கப்பல் சீட்டும் அனுப்பினார். நாட்டின் தென்மேற்கு மூலையில் பழைய எரிமலைகள் இருப்பதாகவும், வழிகாட்டியோடு ஏறினால் கொரில்லாக்களைப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார். ஆசிரியர் உடனே விடுப்புக் கொடுத்தார். திரும்பி வந்து கட்டுரை எழுத வேண்டும், அதற்கு முன்னோட்டமாக ஒரு குட்டிச் செய்தி நாளைக்கே போக வேண்டும் என்றார்.

“நமது துணையாசிரியர் ஆப்பிரிக்க மலைக்காட்டில் கொரில்லா எனும் மனிதக் குரங்கைப் பார்க்கிறார்” என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். அச்சுக்கோப்பவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

“அண்ணே, குரங்குக்கு எடம் இல்ல. ஒண்ணு குரங்கை எடுங்க, இல்ல ஆப்பிரிக்காவை எடுங்க.”

இரண்டையும் எடுத்தேன். அப்படியும் கடைசி வரி மொட்டையாக நின்றது. ‘பார்க்கிறார்’ என்பதை ‘சந்திக்கிறார்’ என்று மாற்றினேன். நமது துணையாசிரியர் / மலைக்காட்டில் / கொரில்லாவைச் சந்திக்கிறார். மூன்று வரியும் பத்திக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன. அடியில் ‘கட்டுரை விரைவில்’ என்பதைத் தவிர வேறு விவரத்துக்கு இடமில்லை. எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலாயாவில், அப்போது அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளையும் நாங்கள் கொரில்லா என்றுதான் எழுதிவந்தோம். மறுநாள் என் செய்திக்கு இடப்பக்கத்தில், ஜொகூர்க் காட்டில் கொரில்லாக்களுக்கும் ராணுவத்துக்கும் நடந்த மோதல் பற்றிய செய்தி வெளியாகியிருந்தது.

இரண்டாம் நாள் காலை, சிராங்கூன் சாலைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“என்னங்க, மாத்தா வந்திருக்காரு. யூனிஃபார்ம் இல்ல.”

மாத்தா என்றால் எங்கள் ஊரில் போலீஸ். வந்தவர் தமிழர், துப்பறியும் பிரிவு சார்ஜெண்ட். மடித்த நாளிதழ் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். என் செய்தியைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் கோடு. அவர் கண் முதலில் போனது மூலையிலிருந்த என் சாமான்களுக்கு. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வாங்கிய ராணுவக் காட்டுப் பூட்ஸ், ராணுவத் தார்ப்பாய், டார்ச் விளக்கு, ஆறு டப்பா மத்தி மீன். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோனாலே பிடித்துக்கொண்டு போன காலம்.

“யாரைச் சந்திக்கப் போறீங்க சார்?”

“கொரில்லாவை.”

“எத்தனை பேரு?”

“குடும்பமா இருக்குமாம். பத்துப் பன்னிரண்டு.”

குறிப்பேட்டைத் திறந்தார். “தலைவர் யாரு?”

“வயசான ஆண் ஒண்ணு. முதுகு வெள்ளையா இருக்குமாம்.”

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “உங்க தலைவரை நீங்களே இப்படி மரியாதையில்லாம பேசுறீங்களே?”

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “அது குரங்குங்க!”

சார்ஜெண்ட் நாளிதழை விரித்து, தலைப்பின் கடைசி வரியில் விரலை வைத்தார். “குரங்குன்னா, பார்க்கிறார்னு போடணும். சந்திக்கிறார்னு போட்டிருக்கீங்க. குரங்கை யாராச்சும் சந்திப்பாங்களா லா?”

பத்து வருடப் பத்திரிகை அனுபவத்தில் என் வாக்கியத்தை அவ்வளவு சரியாகத் திருத்தியவர் வேறு யாருமில்லை. வெறும் ‘கொரில்லாவை’ என்றால் உயர்திணையா அஃறிணையா என்று தெரியாது. வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும். என் வினைச்சொல் என்னையே காட்டிக்கொடுத்துவிட்டது. ஆப்பிரிக்கா என்று விளக்கினேன். நிலைமை மோசமாயிற்று. என் கப்பல் போய் நிற்க வேண்டிய கென்யாவிலும் காட்டுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது. சார்ஜெண்ட் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார்.

கப்பலுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவரே அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். இந்த முறை தேநீர் குடித்தார்.

“எங்க வெள்ளைக்காரத் துரைகிட்டச் சொல்லிட்டேன், குரங்குதான்னு. என் பேருல கையெழுத்தும் போட்டிருக்கேன். நீங்க ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து குடுத்திடணும் சார். இல்லாட்டி நான் திரும்பச் சிறகு கட்டிக்க வேண்டியதுதான்.”

நாற்சந்திகளில் போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் முதுகில் பிரம்பால் பின்னிய சிறகைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். உடம்பைத் திருப்பினால் சிறகும் திரும்பி வண்டிகளை நிறுத்தும். சார்ஜெண்ட் வெயிலில் ஏழு வருடம் அப்படி நின்றுவிட்டு மஃப்டிக்கு வந்தவர். “தோள்ல தழும்பு இருக்கு, பார்க்குறீங்களா?” என்று சட்டைக் காலரை விலக்கியும் காட்டினார்.

மீதி நான்கு நாளும் புக்கிட் தீமா குன்றில் ஏறிப் பழகினேன். எங்கள் தீவின் மிக உயரமான இடம் அது. ஐந்நூற்றுச் சொச்சம் அடி. மேலே போய்ப் பெருமூச்சு விடுவதற்குள் இறங்கும் பாதை வந்துவிடும்.

உகாண்டாவில் மலையடிவாரத்துக் குடிசை வரை அத்தான் வந்தார். அங்கே வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “நீ போய்ட்டு வா மாப்ளே, நான் டீ போட்டு வைக்கிறேன்” என்று பாயை விரித்துக்கொண்டார்.

வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். காக்கி ராணுவக் கோட்டு, முழங்கால் வரை மடித்த காற்சட்டை, கையில் புதர் வெட்டும் நீளக் கத்தி. இரண்டாம் உலகப் போரில் பர்மாவரை போய்ச் சண்டையிட்டவர். நான் சிங்கப்பூர் என்றதும் ரங்கூனுக்குப் பக்கமா என்று கையால் கேட்டார். பக்கம்தான் என்று நானும் கையால் சொன்னேன். அவர் “ஹபாரி?” என்று சுவாஹிலியில் நலம் விசாரித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊர் மலாய்க்காரர் கேட்கும் ‘கபார்’தான் அது. புத்தகத்துக்கு அவர் கிதாபு, நாங்கள் கித்தாப். உலகத்துக்கு இருவருமே துனியா. இப்படி ஒவ்வொரு சொல்லாகக் கண்டுபிடித்துக்கொண்டே மூங்கில் காட்டைக் கடந்தோம். எங்கோ அரபு வணிகர்கள் இறக்கிவிட்டுப் போன சரக்கை இரண்டு ஏழைகள் பங்குபோட்டுக்கொள்வதுபோல் இருந்தது.

மூங்கிலுக்கு மேலே மரங்கள் மனம்போன போக்கில் வளர்ந்திருந்தன. கம்பத்தின் உச்சியில் முட்டைக்கோசைச் செருகினாற்போல் ஒரு மரம். ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பூக்கதிர். காட்டுச் செடிகளுக்கு இடையே கொத்தமல்லித் தண்டைப் பெரிதாக்கினாற்போல் ஒன்று. அதுதான் கொரில்லாவின் சாப்பாடு என்று வழிகாட்டி ஒரு தண்டை ஒடித்து எனக்கும் கொடுத்தார். கசந்தது. இரண்டாவது தண்டும் கேட்டேன். பத்தாயிரம் அடி தாண்டியிருப்போம். தலை என் உடம்பைவிட்டு ஒரு சாண் மேலே மிதந்துவந்தது. காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. முட்டைக்கோசு மரத்தைப் பார்த்தால் சிரிப்பு, பூட்ஸுக்குள் தண்ணீர் சளக்கென்றால் சிரிப்பு. வழிகாட்டி திரும்பிப் பார்த்து, “போலே போலே” என்றார். மெதுவாக, மெதுவாக. மலாயில் ‘பெலான் பெலான்’. அதற்கும் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். இருவரும் சேற்றில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு எழுந்தோம்.

பிறகு அவர் கையை உயர்த்தினார். தரையில் மடக்கிப் பரப்பிய தழைகள். முந்தைய இரவு அவை படுத்த இடம். அதில் சிக்கியிருந்த கறுப்பு மயிரை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார். “ங்காகி” என்று காதில் சொன்னார். அங்கே அந்த விலங்குக்குச் சொந்தப் பெயர் இருந்தது. மூன்றே எழுத்து. எங்கள் பத்தியில் தாராளமாக அடங்கியிருக்கும்.

புதர் விலகியது. பதினைந்து அடி தொலைவில் உட்கார்ந்து தண்டை உரித்துக்கொண்டிருந்தது. முதுகு உண்மையிலேயே வெள்ளை. உரித்த தோலை ஒரு பக்கமாகப் போட்டது. என்னைப் பார்த்தது. நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நான் பார்த்துவிட்டேன். வேலை நேரத்தில் வந்துவிட்ட விருந்தாளியைப் பார்க்கும் பார்வை அது. பிறகு எழுந்து நின்று, மூடிய முஷ்டியால் அல்ல, குவித்த உள்ளங்கையால் மார்பில் அடித்தது. பொக்கு பொக்கு பொக்கு என்று, காலிப் பீப்பாய்போல் ஒலித்தது. சார்ஜெண்டின் தோள் தழும்பு என் நினைவுக்கு வந்தது. கேமராவை உயர்த்தினேன். வழிகாட்டி என் முன்னால் பாய்ந்து என்னைக் கீழே அமுக்கினார். பொத்தான் அமுங்கிவிட்டது. நான் தலைநிமிர்ந்தபோது ஆடிக்கொண்டிருந்த தழைகள் மட்டும் இருந்தன.

சிங்கப்பூர் திரும்பி, பிலிம் சுருளைக் கழுவினேன். எட்டில் ஏழு படம் மூடுபனி. எட்டாவதை எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் சார்ஜெண்டைப் பார்த்தேன். அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அடர்ந்த காடு. ராணுவக் கோட்டு. ஓங்கிய கத்தி.

“சார்,” என்றார் மெதுவாக. “இவருதான் கொரில்லாவா?”

மயிர் இருந்த உறையை நீட்டினேன். மோந்து பார்த்தார். “குதிரை முடின்னு சொல்வாரு துரை. நான் முடிஞ்சேன்.” இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிரம்புச் சிறகு அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டதுபோல் தோள் குனிந்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து நின்றேன். கைகளைக் குவித்து மார்பில் அடித்தேன். பொக்கு பொக்கு பொக்கு. பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார். மறுபடி அடித்து, தண்டை உரித்து, தோலை ஒரு பக்கமாகப் போட்டு, அதன் பார்வையை அப்படியே சார்ஜெண்டைப் பார்த்துக் காட்டினேன்.

அவர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். “முஷ்டியால இல்லையா? கையை இப்படியா?” என்று தானும் அடித்துப் பார்த்தார். அவருடையது என்னுடையதைவிட நன்றாக ஒலித்தது. “துரை முன்னால இதையே செஞ்சிடுறேன். முடியையும் ஃபைல்ல ஒட்டிடுறேன். இதை ஒரு மனுஷன்கிட்டக் கத்துக்கிட்டு வந்திருக்க முடியாது லா.” கை கழுவாமலே குறிப்பேட்டைத் திறந்தார். “பார்த்தார்னு எழுதவா, சந்தித்தார்னு எழுதவா?”

“பார்த்தார்,” என்றேன். அவர் முதுகை நினைத்துச் சொன்னேன்.

அவர் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன்: கொரில்லா ஒன்று. ஆயுதம் இல்லை. இலை தின்றது. மேற்படி நபர் பார்த்தார்.

அடுத்த மாதம் சார்ஜெண்ட் மஃப்டியிலேயே எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தார். கையில் என் கட்டுரை வந்த நாளிதழ். ஒரே ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் கோடு. அங்கே நான் சந்தித்தேன் என்றுதான் எழுதியிருந்தேன்.