ஒட்டாத தரை

பல்செட்டுக்காரருக்குப் பசை என்றாலே ஆகாது. வாயில் சரியாக உட்காராத செட்டைப் பசை தடவி நிறுத்திக்கொண்டு யாராவது வந்தால், அதைக் கழற்றச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அளவு சரியா இருந்தா பசை எதுக்குங்க?" என்பார். தான் செய்த எந்தச் செட்டும் இதுவரை பசை கேட்டதில்லை என்பது அவருடைய பெருமை. கேட்டவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள் என்பது அவர் மனைவியின் கருத்து.

வாடகை வீட்டின் தெருப்பக்கத்து அறைதான் அவருடைய பட்டறை. ஒரு கதவு, ஒரு ஜன்னல். மேஜை முழுக்க வாய் பிளந்த மாவு அச்சுகள். ஈறு நிறத்து மெழுகுக் கட்டிகள். பல்லைத் தேய்க்க ஒரு சின்ன மோட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும், தரையைத் தவிர. பழைய சிமெண்டுத் தரை, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. மேஜையிலிருந்து ஒரு பல் விழுந்தால் நேராகப் போய்க் குழியில் ஒளிந்துகொள்ளும். அவரும் வந்த வாடிக்கையாளரும் மண்டியிட்டுத் தேடுவார்கள். ஒரு நாள் தபால்காரர் ஒருவர் தன் முன்பல்லைத் தானே மிதித்து நொறுக்கியதும் பல்செட்டுக்காரரின் பொறுமை போய்விட்டது.

மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் போனார். சுவரில் ஆணி அடித்தால் தன் உடம்பில் அடித்த மாதிரி துடித்துப்போகிறவர் அந்த அம்மா.

"டைல்ஸ்தானே, போட்டுக்கோங்க தம்பி. ஆனா என் தரையில ஒரு சொட்டு சிமெண்ட் விழக்கூடாது. பசையும் கூடாது. நீங்க காலி பண்றப்ப என் தரை எனக்கு அப்படியே வேணும்."

முடியாது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். பல்செட்டுக்காரர் சரி என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இறங்கி வந்தார்.

அவர் மனைவியின் அண்ணன் கொத்தனார். அவர் காதுக்குச் செய்தி போனதும் வேலைத்தளத்திலிருந்து அப்படியே சாந்துக் கையோடு வந்து நின்றார்.

"ஒட்டாம டைல்ஸ் போடப் போறீங்களாமே?"

"ஆமா மச்சான்."

"ஒட்டாம போட்டா அதுக்குப் பேரு அடுக்கி வைக்கிறது, மாப்ளே. அதைத்தான் கடைக்காரன் பண்றான்."

பல்செட்டுக்காரர் அசரவில்லை. டைல்ஸ் வாங்கிவந்து, தரையைப் பெருக்கி, ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பரப்பினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கால் வைத்தால்தான் வம்பு. ஒரு மூலையை மிதித்தால் எதிர்மூலை எழுந்து பார்த்தது. மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்க்க வந்து, உள்ளே நடந்துவிட்டு நின்றாள்.

"என்னங்க, குதிரை கட்டுற இடம் மாதிரி சத்தம் வருது?"

அன்று புதுச் செட்டு மாட்டிக்கொண்டு எழுந்த பெரியவர் ஒருவர், நாலடி நடந்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி ஓரடி வைத்தார். மறுபடி டொக்.

"ஆடுதுங்க," என்றார் கவலையோடு.

"பல்லு இல்லைங்க, தரை," என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பல்செட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. அவர் செய்த பல் ஆடுகிறது என்று ஒருவர் நினைப்பதா?

அந்த ரோஷத்தில்தான் யோசனை வந்தது. செட்டில் எந்தப் பல் உயரம் என்று பார்க்க நீலத் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். இடிக்கிற இடத்தில் மை ஒட்டும். அதே தந்திரத்தைத் தரைக்கும் செய்தால் என்ன? கார்பன் தாள்களை வாங்கி, மைப் பக்கம் தரையைப் பார்க்க டைல்ஸுக்கு அடியில் விரித்து, மேலே குதித்தார். எடுத்துப் பார்த்தால் மேடெல்லாம் நீலமாகத் தெரிந்தது. மேட்டைச் சுற்றியிருந்த பள்ளங்களில் தார் அட்டையை வெட்டி வெட்டி வைத்துச் சமன் செய்தார். திரும்பத் தாள், திரும்பக் குதிப்பு. நடுவில் மழை தூறியது. மொட்டை மாடித் துணி ஞாபகம் வர, வெறுங்காலோடு ஓடிப்போய் எடுத்துவந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் வீட்டுக்காரம்மா.

"தம்பி, நீலக் காலோட யாரோ என் வீட்டு வாசல் வழியா மேல போயிட்டு வந்திருக்காங்க."

பல்செட்டுக்காரர் தன் காலைப் பார்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். படி முழுவதையும் தேய்த்து முடித்தபோது, அந்தக் கட்டிடத்திலேயே சுத்தமான இடம் அதுதான் என்றாகிவிட்டது.

விடுமுறை நாளில் இறுதி வேலை. தரையில் ஒட்டியிருந்த நீலத்தைத் துடைத்தெடுத்து, சமன் செய்த தரைமேல் ரப்பர் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் டைல்ஸ். தூசி தெருவுக்குப் போகக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்த கொத்தனார், முக்காலியில் உட்கார்ந்து முதல் வரிசை வரை சிரித்தார். இரண்டாவது வரிசையில் அவருக்குக் கை அரித்தது.

"அப்படியா வெட்டுவாங்க? இப்படிக் கொடுங்க. சுவரோரம் விரல் கனத்துக்கு இடம் விடுங்க, மாப்ளே. வெயிலுக்கு விரிஞ்சா எங்க போகும்?"

பிறகு வெட்டியதெல்லாம் அவர்தான். இடைவெளிகளில் அடைக்கச் சைக்கிள் டியூபை மெல்லிய நாடாவாக நறுக்கியதும் அவர்தான். கடைசி டைல்ஸ் வாசலோரம் உட்கார்ந்ததும் இருவரும் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார்கள். சத்தமே இல்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரம்மா. பல்செட்டுக்காரர் பெருமையோடு கதவை இழுத்தார். அசையவில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு. அதன் அடிவிளிம்பு, அட்டையும் விரிப்பும் சேர்ந்து உயர்த்திவிட்ட புதுத் தரையின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கொத்தனாரும் சேர்ந்து இழுத்தார். கைப்பிடிதான் ஆடியது.

வீட்டுக்காரம்மா ஜன்னலுக்கு வந்தார். வேலை முடிந்து திரும்பிய மனைவியும் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்களுமா?"

கொத்தனார் சுவரைப் பார்த்தார். "கதவு அடியைக் கொஞ்சம் அறுத்துடலாம்," என்று முனகினார்.

"என் கதவு," என்றார் வீட்டுக்காரம்மா.

"சாப்பாட்டைத் தட்டுல நீட்டினா கம்பியில நுழையாது," என்றாள் மனைவி. "பொட்டலமா கட்டித் தர்றேன்."

பல்செட்டுக்காரர் மேஜையிலிருந்து மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்தார். வாசலோரத்து ரப்பர் நாடாவை உருவிவிட்டுக் கத்தியை நுழைத்து நெம்பினார். டைல்ஸ் சமர்த்தாக எழுந்து வந்தது. அடுத்ததும் வந்தது. கதவு போகிற வழி முழுவதையும் எடுத்து அடுக்கினார். விரிப்பைச் சுருட்டி, தார் அட்டைத் துண்டுகளையும் பொறுக்கினார். கதவு திறந்தது.

வீட்டுக்காரம்மா உள்ளே வந்து புதுத் தரையைப் பார்க்கவேயில்லை. குனிந்து, வெறுமையாகக் கிடந்த பழைய தரையைத் தடவினார். "அப்படியேதான் இருக்கு," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"ஒட்டலையேம்மா."

கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் போட்டிருந்தா இந்நேரம் உளியால உடைச்சிட்டு இருப்போம்." பிறகு குரலைத் தணித்து, "கதவைப் பார்க்காம தரை போட்டேன்னு வெளிய மட்டும் சொல்லிடாதீங்க, மாப்ளே."

"நீங்க எங்க போட்டீங்க? வேடிக்கைதானே பார்த்தீங்க," என்றார் பல்செட்டுக்காரர்.

கதவு சுழல்கிற இடம் மட்டும் பழைய தரையாகவே நின்றது. ஓரத்துக்கு மரச்சட்டம் அடித்தார்கள், தரையில் இல்லை, சட்டத்தோடு சட்டம் சேர்த்து. அதன் பிறகு பல் கீழே விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

ஆனால் வீட்டுக்காரம்மா விடவில்லை. அவ்வப்போது இறங்கி வருவார். அறையைச் சுற்றிப் பார்த்து, "அதை எடுங்க," என்று ஒரு டைல்ஸைக் காட்டுவார். எடுத்துக் காட்டவேண்டும். அடியில் தன் தரை பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு போவார். வாடிக்கையாளர்கள் அவரை ஏதோ அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

ஒரு நாள் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. தயங்கி நின்றார்.

"தம்பி, மேல என் ரூமுக்கும் இது மாதிரி போட்டுத் தருவீங்களா?"

"உங்க சொந்த வீடும்மா. சிமெண்ட் வச்சே போடலாமே."

"வேணாம். எனக்குப் பிடிக்கலைன்னா மாத்தணும்."

மச்சானும் மாப்பிள்ளையுமாகப் போய்ப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒன்றுமே நிரந்தரமாகப் பிடிக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. பச்சை டைல்ஸ் ஜன்னலோரம் வேண்டும், இல்லை, கட்டிலோரம் வேண்டும். கூப்பிட்டு அனுப்பினால் பல்செட்டுக்காரர் கையில் இருப்பதை வைத்துவிட்டு ஓடுவார்.

போன வாரம்கூட, வாய் நிறைய அச்சு மாவோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இறுகுறதுக்குள்ள வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு மேலே போன பல்செட்டுக்காரர் வரவில்லை. உத்தரத்தில் தடதடவென்று சத்தம். அந்த மனிதர் கண்ணை உருட்டி, விரலால் மேலே காட்டி, என்ன என்று சைகையில் கேட்டார்.

மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணுமில்லைங்க. பச்சை கட்டிலுக்கு வருது."