ஐரோப்பிய நிதியும் எங்கள் தெரு ரோடும்

ஒத்தக்கடையில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அங்குள்ள ஒரு கம்பெனியின் அறிக்கைகளில் எழுத்துப்பிழை பார்க்கிற வேலை. சில வருடங்களாக வருவதெல்லாம் ரோமா மக்களைப் பற்றிய அறிக்கைகள். எப்போதோ நம் நாட்டின் வடக்கிலிருந்து கிளம்பிப்போய், இன்றும் அங்கே ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டுக் கிடப்பவர்கள். வட்டார வளர்ச்சிக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் நிதியில் அவர்களுக்கு வீடு கட்டலாம். ஆனால் தனிக் காலனியாகக் கட்டக்கூடாது, மற்றவர்களோடு கலந்து குடியிருக்க வேண்டும் என்பது சாரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஆவணி பிறந்ததும் எங்கள் மாடி போர்ஷன் காலியாயிற்று. ஒரு பெண் வீடு கேட்டு வந்தார். மேலூர் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். உட்காரும் முன்பே, "நாங்க நரிக்குறவர் சார். பெறகு தெரிஞ்சு காலி பண்ணச் சொல்றதுக்கு, முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க" என்றார். இதே தெருவில் அன்று காலை ஒரு வீட்டில், அவர் நிற்கும்போதே 'டு லெட்' பலகையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம்.

நான் ஒரு சொற்பொழிவுக்குத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் என் மனைவி சாவியை நீட்டி, மோட்டார் எப்போது போடுவோம் என்பதையும் சொல்லி முடித்திருந்தாள்.

சிக்கல் சாயங்காலம் வந்தது, எதிர்வீட்டு அண்ணன் உருவத்தில். வாடிப்பட்டிப் பக்கம் வயலை விற்று இங்கே வீடு கட்டியவர், தெருவின் சங்கத் தலைவர். நாலு பேரோடு வந்து, துக்கம் விசாரிப்பவர்போலப் பேசினார். இப்படி ஆட்களை வைத்தால் நாளைக்கு வீடு விலை போகாது, அந்தப் பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் சார் என்றார். மனைவி அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போயிருந்தாள். எனக்கு அண்ணனிடம் கொஞ்சம் பயம். பயந்தால் என் வாயில் அறிக்கைதான் வரும். ஐரோப்பாவில் கலந்து குடியிருக்கிற இடத்துக்குத்தான் நிதி கொடுக்கிறார்கள், ரோடு, சாக்கடை எல்லாம் சேர்ந்தே வருகிறது என்று பக்கம் பக்கமாக ஒப்பித்தேன்.

அண்ணன் முகம் மாறியது. எங்கள் தெருவுக்கு ரோடு கிடையாது. மழை பெய்தால் பைக்கை மெயின் ரோட்டு டீக்கடையில் விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

"அந்தப் புள்ள இருந்தா நம்ம தெருவுக்கும் ஃபண்டு வருமா மாப்ள?" அதுவரை நான் சார்.

"அது ஐரோப்பாவுலண்ணே. இங்க இல்ல."

"புரியுது, புரியுது. வெளிய சொல்லாதீங்க. பின்தெருக்காரய்ங்க முந்திக்குவாய்ங்க."

நான் விளக்க விளக்க, விஷயம் ரகசியமானது என்பது அவர்களுக்கு உறுதிப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வந்து இறங்கியபோது பீரோவின் ஒரு முனையை அண்ணனே பிடித்தார்.

அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஃபண்டு வரலேன்னா எங்களப் போகச் சொல்லுவாங்களா சார்?"

"வீடு எங்களுது. நீ பாலக் காய்ச்சு" என்று மாடிப்படியிலிருந்து என் மனைவிதான் சொன்னாள்.

ஐப்பசி மழை வந்தது. ஃபண்டு வரவில்லை. ஒருநாள் காலையில் கேட்டைத் தட்டினார்கள். அண்ணன், அவர் மனைவி, பின்னால் பாதித் தெரு, முழங்கால் வரை சேறு. மாடியைக் காலி பண்ணச் சொல்லத்தான் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒருவரும் மாடிப்பக்கம் திரும்பவில்லை. வெள்ளைக்காரனோடு தினமும் பேசுகிறவருக்கு ஒரு ரோடு கொண்டுவரத் துப்பில்லையா என்று அண்ணன் ஆரம்பித்தார், அண்ணி தொடர்ந்தார். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல், எல்லோரையும்விட உரக்க வந்தது.

"டெய்லி டூட்டிக்குச் சேத்துல நீந்திப் போறோம். இம்புட்டுப் படிச்சிருக்கீங்க, கலெக்டராபீசுக்கு ஒரு மனு எழுதக்கூடவா முடியல?"

மாடி வீட்டுப் பெண். வழுக்கிவிடாமல் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்படிக் கேளு தாயி" என்றார் அண்ணன்.

உதவிக்கு என் மனைவியைப் பார்த்தேன். அவள் படியிறங்கிப் போய் அவர்கள் பக்கம் நின்றுகொண்டாள். நான் பேனா தேட உள்ளே போனேன்.