காது குத்த விடாத தாய்மாமன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அடுத்த தெருவில் நான் குடியிருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சிங்கப்பூரில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு வந்து, ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ரத்தம் எப்படி உறைகிறது, சிலருக்கு ஏன் உறையாமல் போகிறது என்பதுதான் அன்றும் இன்றும் என் பைத்தியம். அதையே ஆராய்ந்து, அதையே வகுப்பில் சொல்லிச் சொல்லித்தான் பிற்பாடு கொஞ்சம் பேரும் வாங்கினேன். இவன் பெருமை பேச வந்திருக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றினால், ஆமாம், அதற்குத்தான் வந்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அடக்கம் வராது.

ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கும், தோட்டங்களில் டாக்டர் இல்லாத குறையைத் தீர்க்கும் டிரஸர்களுக்கும் பாடம் எடுப்பது எங்கள் வெள்ளைக்காரத் துரையின் வேலை. துரைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் எனக்கு வாய்ப்புக் கிடைக்கும். நல்ல மனிதர்தான், இருந்தாலும் அவருக்கு ஒரு காய்ச்சல் வராதா என்று நான் ஏங்கிய நாட்கள் உண்டு. ரத்தம் உறையாத பரம்பரை நோயைப் பற்றிய பாடத்தை அவர் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது, ஐரோப்பியக் குடும்பங்களில் காணப்படுவது, இந்த நாட்டு மக்களிடம் இல்லை என்பார். அதோடு சரி. இல்லையா, அல்லது யாரும் தேடிப் பார்க்கவில்லையா என்று எனக்கு உறுத்தும். வாய்விட்டுக் கேட்கத் துணிச்சல் இருந்ததில்லை.

எங்கள் தெருவுக்கு எதிரே, அந்தக் குவார்ட்டர்ஸில், ரயில்வேயில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை பார்த்த ஒருவர் மனைவி, குழந்தையோடு இருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அண்ணன் இருந்தார். கனத்த மீசை, அதைவிடக் கனத்த குரல். ஒருநாள் சாயங்காலம் அந்த அண்ணன் வெற்றிலைத் தட்டோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, ஒங்களுக்கும் கிள்ளான் பக்கம், என் தம்பி பொஞ்சாதிக்கும் கிள்ளான் பக்கம். அந்தப் பொண்ணுக்குக் கூடப் பொறந்தவன்னு யாரும் இல்ல. பையனுக்குக் காது குத்தணும், மடியில வைக்க ஒரு மாமன் வேணும்லா. நீங்கதான் வந்து உக்காரணும்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தனிக்கட்டையாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று ஒரு தங்கையும் மருமகனும் கிடைத்தால் எப்படி இருக்கும்? பாசாருக்குப் போய்ப் பிள்ளைக்குப் பட்டுத் துணியும், இடுப்புக்கு வெள்ளி அரைஞாணும், சீர்த்தட்டுக்குப் பழமும் கற்கண்டும் வாங்கினேன். எனக்கும் ஒரு புது வேட்டி எடுத்துக்கொண்டேன். தாய்மாமன் என்றால் சும்மாவா?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குவார்ட்டர்ஸ் வாசலில் தென்னங்கீற்றில் பந்தல் போட்டிருந்தார்கள். காலையில் நாவிதர் வந்து பிள்ளைக்கு மொட்டை போட்டார். பிள்ளை திமிறியதில் காதுக்குப் பின்னால் கத்தி லேசாகக் கீறிவிட்டது. படிகாரத்தை வைத்து அழுத்தினார், ரத்தம் நின்றது. மேலே சந்தனத்தை அப்பிக் குளிர்ச்சியாக ஆக்கிவிட்டார்கள். மொட்டையடிக்கும்போது யாருக்குத்தான் கீறல் படவில்லை? நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நல்ல நேரம் வந்தது. மனையில் உட்கார்ந்தேன். பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். எதிரே தங்கக் கம்பியோடு ஆசாரி உட்கார்ந்து, காது மடல்களில் குங்குமத்தால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை அவர் கையில் மின்னிய கம்பியைப் பிடிக்கப் பார்த்தது. அப்போது என் தொடையில் ஏதோ ஈரமாகப் பட்டது. பிள்ளை வேலையைக் காட்டிவிட்டது என்றுதான் குனிந்தேன். புது வேட்டியில் சிவப்பாக ஒரு சொட்டு. அதன் பக்கத்தில் இன்னொன்று. காதுக்குப் பின்னால் இருந்த சந்தனம் முழுக்கச் சிவந்து ஊறியிருந்தது.

நின்றது போல் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கசியும் ரத்தம். இதை நான் புத்தகத்தில் எத்தனை முறை படித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. என் கை தானாகப் பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்த்தது. இரண்டு முழங்காலிலும் நீலம் பாய்ந்த தடிப்புகள்.

பக்கத்தில் நின்ற தாயைப் பார்த்தேன். அவள் பயந்து போனாள். "தவழ்றப்போ பட்டுருதுண்ணே. நான் ஒழுங்கா பாக்கலன்னு எல்லாரும் திட்டுறாங்க" என்றாள்.

உனக்குக் கூடப் பிறந்தவர்கள் பிறக்கவே இல்லையா, பிறந்து இல்லாமல் போனார்களா என்று கேட்டேன். அவள், புருஷனின் அண்ணனான மீசைக்காரர் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் செத்தவர்கள் பேச்சை எடுக்கக்கூடாது என்று அவளுக்குக் கட்டளை. பிறகு குனிந்து என் காதருகில் சொன்னாள்.

"இருந்தாங்கண்ணே. பெரிய அண்ணன் பல்லு விழுந்து ரத்தம் நிக்காம போய்ட்டான். சின்ன அண்ணன் தோட்டத்துல கால்ல வெட்டுப்பட்டு. தம்பி கட்டில்லேருந்து விழுந்து மண்டை வீங்கிப் போச்சு. எங்கம்மாவுக்கும் கூடப் பொறந்த ஆம்பளப் புள்ளைங்க தங்கல. எங்க குடும்பமே அப்படித்தான்னு சொல்வாங்க."

இந்த நாட்டில் இல்லை என்று துரை வகுப்பில் சொன்னாரே, அது என் மடியில் உட்கார்ந்திருந்தது. இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் ஏன் இல்லை என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. இல்லாத மாமனுக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஆசாரியின் கம்பி மடலில் இறங்கினால் ஒன்றுக்கு இரண்டு ஓட்டை. தலைக்கீறலையே அடைக்க முடியாத உடம்பு அது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். காது குத்த வேண்டாம் என்றேன்.

பந்தலில் சலசலப்பு கிளம்பிவிட்டது. மீசைக்காரர் முன்னால் வந்தார். "என்ன தம்பி வெளயாடுறீங்களா? நல்ல நேரம் போகுதுலா. ஆசாரி, நீங்க குத்துங்க" என்றார். நான் ரத்தம் உறைவதைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். எவ்வளவு பதறிப் பதறிச் சொன்னேனோ அவ்வளவுக்கு யாருக்கும் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்காரர் ஊசி குத்தினால் வைத்தியம், நாம் குத்தினால் மட்டும் ஆகாதா என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையை வாங்கிக்கொள்ள மீசைக்காரர் கையை நீட்டினார்.

படிப்பு அங்கே செல்லாது என்று புரிந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"அண்ணே, நீங்கதான என்னை மாமன்னு கூப்ட்டு உக்கார வச்சீங்க? மாமன் சொல்றேன், எனக்குச் சம்மதம் இல்ல. மாமன் சம்மதம் இல்லாம ஒங்க வழக்கத்துல காது குத்துவீங்களா?"

நீட்டிய கையை மீசைக்காரர் அப்படியே வைத்திருந்தார். ஆசாரிதான் முதலில் அசைந்தார். கம்பியைத் தட்டில் வைத்துவிட்டு, "மாமன் வேணாம்னா நான் கை வைக்க மாட்டேங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

காது தப்பியது, ஆனால் கீறல் கசிந்துகொண்டேதான் இருந்தது. சுத்தமான துணியை மடித்து வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். விரலை எடுத்தால் மறுபடி கசிந்தது. தாய் என் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். பந்தியில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எனக்கு வயிறு கூப்பாடு போட்டது. என்னிடம் யாரும் பேசவில்லை.

கொஞ்சம் கழித்து ஓர் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு மீசைக்காரர் வந்தார். என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துணி மறுபடி சிவந்திருப்பதைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்து, உருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினார். நான் சாப்பிட்டேன். கடைசி உருண்டையின்போது, "புள்ள பொழச்சிருவானா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கனத்த குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பிழைக்க வைக்கிறேன் என்றேன். அப்படிச் சொல்ல எந்த டாக்டருக்கும் உரிமை கிடையாது, தெரியும். ஒரு மாமன் வேறு எப்படிச் சொல்வான்?

அன்று பிற்பகலே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். துணியை மாற்றும்போது கசிந்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் பிடித்தேன். பிள்ளைமேல் புதிதாக ஊசி எதுவும் படவில்லை. என் விரலைக் குத்தி இன்னொரு குழாயிலும் எடுத்தேன். இந்தச் சோதனை எளிமையானது. குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்துக்கொண்டே வரவேண்டும். ரத்தம் உறைந்திருந்தால் ஒடிந்த துண்டுகளுக்கு நடுவே நூல் போல ஓர் இழை நிற்கும். என் குழாயில் சீக்கிரமே இழை வந்துவிட்டது. பிள்ளையின் குழாயை ஒடித்து ஒடித்து முடியும் மட்டும் வெறும் சொட்டுதான் வந்தது.

நான் சொல்லியனுப்பியதும் டென்னிஸ் உடையோடு வந்து நின்ற துரையிடம், பிள்ளையின் ரத்தம் பிடித்த இன்னொரு குழாயைக் கொடுத்தேன். அவரும் கடைசிவரை ஒடித்தார். தாயின் அண்ணன் தம்பிகள் கதையை நான் சொல்லச் சொல்ல, குனிந்த தலை நிமிராமல் கேட்டார். முடிவில், தான் வகுப்பில் சொல்லிவந்ததை இனிமேல் சொல்லப் போவதில்லை என்றும், அந்தப் பாடத்தை இனி நானே நடத்த வேண்டும் என்றும் சொன்னார். என் வாத்தியார் வாழ்க்கை அப்படித்தான் ஆரம்பமானது, அவருக்கு ஒரு காய்ச்சலும் வராமலே.

பிள்ளை வார்டில் இருந்து, கசிவு முழுதாக நின்று, தேறினான். ஆனால் எனக்கு அதைவிடக் கஷ்டமான ஒரு வேலை பாக்கி இருந்தது. இந்த நோய் தாய் வழியாக வருவது என்பதை அந்த வீட்டில் சொல்லியாக வேண்டும். அடுத்து ஆண் பிள்ளை பிறந்தாலும் வரலாம் என்று எச்சரிக்காமல் விட முடியாது. சொன்னால் அவள் பாடு என்ன ஆகும்? கூடப் பிறந்தவர்களை முழுங்கியவள் என்று ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அவள் செய்த குற்றம் எதுவும் இல்லை, நம் முக ஜாடை வருவதுபோல் அவளுக்கே தெரியாமல் அவளோடு வந்தது, அவளுடைய அண்ணன் தம்பிகள் செத்தது சாபத்தாலும் இல்லை, ராசியாலும் இல்லை என்றேன்.

மீசைக்காரர் தம்பியைப் பார்த்தார். வழக்கமாகப் பேசாத பிட்டர் அன்று பேசினார். "இனிமே இந்த வீட்டுல அவளை ராசி இல்லாதவன்னு யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. அண்ணனுக்கும் சேத்துத்தான் சொல்றேன்." அண்ணன் தலையை ஆட்டினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நான் முதல்முறையாக அந்தப் பாடத்தை நடத்திய நாளில் அவளை வகுப்புக்கு வரும்படி கேட்டிருந்தேன். வருவாள் என்று நம்பிக்கை இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷனோடு வந்தாள். டிரஸர்களும் நர்சுகளும் நிறைந்த அறையில், பின் வரிசையில் துரையும் உட்கார்ந்திருக்க, நான் கரும்பலகையில் அவள் குடும்பத்தை வரைந்தேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். மூன்று சதுரங்களுக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று திரும்பிப் பார்த்தேன். அவள் முன்னால் வந்து, மூன்று அண்ணன் தம்பிகளின் பேரையும் ஒவ்வொன்றாக, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். வீட்டில் உச்சரிக்கவே விடாத பேர்கள் அவை. ஒவ்வொருவனும் எப்படிப் போனான் என்பதையும் அழாமல் சொன்னாள். அறையில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு என்னிடம் படித்துவிட்டுத் தோட்டங்களுக்குப் போன ஒவ்வொருவரும், ஆண் பிள்ளைமேல் கத்தியோ ஊசியோ படுவதற்கு முன்னால் தாய்மாமன்களைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறார்கள். கேரித் தீவுத் தோட்டத்தில் ஒரு டிரஸர் அப்படிக் கேட்டு ஒரு பிள்ளையைக் காப்பாற்றியதாகச் செய்தி வந்தபோது, நான் ஆஸ்பத்திரி முழுக்கப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று என் மடியில் இருந்த எங்கள் பையன், முழங்கால் மூட்டுக்குள் அடிக்கடி ரத்தம் கசிந்ததால் கொஞ்சம் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து பள்ளிக்கூடம் போய்வருகிறான்.

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பதைப் பார்ப்பது என்று நினைத்திருந்த எனக்கு, ஒரு வீட்டில் யார் இல்லை, ஏன் இல்லை என்று கேட்பதும் ஆராய்ச்சிதான் என்பதை அந்தப் பந்தல் காட்டிக்கொடுத்தது. இன்றைக்கும் நான் வகுப்புக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைகிறேன் என்றால், அண்ணன் தம்பிகள் பேரைச் சொல்ல அவள் நிமிர்ந்து நின்றது எந்த இடமோ, அதே இடத்தில்தான் நானும் போய் நிற்கிறேன் என்ற பெருமைதான்.